குனிந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவரிடம் 2012 மாடல் பெட்ரோல் கார் விலைக்கு வருகிறது. ஒன்றரை லட்சம் கேட்கிறார். பெயின்ட் புதுசு போல இருக்கிறது. அடியில் இப்போதுதான் கறுப்புக் கோட்டிங் அடித்தாராம். துரு, தீப்பிடிப்பது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தக் கறுப்புக் கோட்டிங்தான் எனக்கு உறுத்துகிறது. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு அந்தச் செலவு? துருவைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருந்தால், உப்பும் ஈரமும் உள்ளே மாட்டிக்கொண்டு தகட்டைத் தின்றுகொண்டேதான் இருக்கும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அப்படியே திரும்பிவிடலாம்.

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பாகத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். அரித்த இடமும், பள்ளத்தை மறைக்கப் பட்டி (நிரப்பும் பசை) வைத்த இடமும் 'தொப்' என்னும். சந்தேகம் வந்தால் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள், கனமான பட்டியில் ஒட்டாது. ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், பிரேக் பைப் இவற்றில் துரு பொருக்காக உதிர்ந்தால் பேரமே வேண்டாம். சைலன்சர் துருவா? அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், அவ்வளவுதான். அப்புறம் காருக்குள் கால் வைக்கும் இடத்தில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் ஊரில் நின்ற வண்டிகள் எத்தனை! பூஞ்சை வாடையும் சீட் போல்ட்டில் துருவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தீ விஷயத்தில் முதலில் பெட்ரோல் ஹோஸ், அதாவது பெட்ரோல் போகும் ரப்பர் குழாய். இன்ஜின் ஆறியபின் லேசாக மடக்கினால் வெடிப்பு தெரியும். இத்தனை வயசான ரப்பரை, அதுவும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடும்போது, நான் நம்ப மாட்டேன். கிளிப்போடு சேர்த்து மாற்றிவிடுவேன். பெரிய செலவில்லை.

அடுத்து, பின்னால் சேர்த்த ஒயரிங். என் பழைய காரில் ஃபாக் லைட் மாட்டியவர் பேட்டரியிலிருந்து ஃபியூஸே இல்லாமல் ஒயர் இழுத்திருந்தார். ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தபோதுதான் தெரிந்தது. ஃபியூஸ் பெட்டியின் மூடியில் 10 ஆம்பியர் என்று போட்ட இடத்தில் 30 செருகியிருக்கிறதா, எலி கடித்த ஒயருக்கு டேப் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2012 என்றால் 2027-ல் 15 வருடம் முடிகிறது, ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அடிப்பாகம் தேறினாலும் அந்தச் செலவு, ஹோஸ், ஒயரிங் எல்லாம் கழித்து ஒன்றேகாலுக்கு மேல் போகாதீர்கள்.