புரோமின் எந்தக் கார்பனுக்குப் போகும்?

அன்புள்ள ஐயா,

கரிம வேதியியலைத் திரும்பப் படிக்கிறேன். ஆல்க்கீனோடு (கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) ஹைட்ரஜன் புரோமைடு போன்றவை சேரும்போது, இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும் என்ற மார்கோவ்னிகாஃப் விதி வரைக்கும் சரி. அடுத்த பக்கத்திலேயே பெராக்சைடு சேர்த்தால் தலைகீழ் என்கிறார்கள். அதுவும் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமாம். விதி, விலக்கு, விலக்குக்குள் விலக்கு. எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். நீங்கள் விதி என்றும் விலக்கு என்றும் பிரித்து வைத்திருக்கிற இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மார்கோவ்னிகாஃப் தன் விதியை 1870-ல் வெளியிட்டபோது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. என்ன கிடைத்தது என்று பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

தாளில் புரப்பீனை வரையுங்கள். இரட்டைப் பிணைப்பின் ஒரு முனை நடுக் கார்பன், மறுமுனை ஓரக் கார்பன். ஹைட்ரஜன் புரோமைடு நெருங்கியதும் இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்கள் அதன் புரோட்டானை (எலக்ட்ரான் இழந்த ஹைட்ரஜன்) பிடித்துக்கொள்கின்றன. (வளைந்த அம்பைப் பிணைப்பிலிருந்து தொடங்குங்கள். புரோட்டானிலிருந்து அம்பு விட்டு நான் மதிப்பெண் இழந்தவன். அது எலக்ட்ரான் போகும் வழி, அணு போகும் வழி அல்ல.) புரோட்டான் ஓரத்தில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் நிற்கும். இருபுறமும் கார்பன் இருப்பதால் அந்த ஈரிணைய நேரயனி ஓரளவு தாக்குப்பிடிக்கும். நடுவில் ஒட்டினால் கிடைப்பது ஒரு பக்கம் மட்டும் கார்பன் உள்ள ஓரிணைய நேரயனி, அது உருவாவதே கஷ்டம். ஆகவே புரோட்டான் ஓரத்துக்குப் போகிறது, பின்னால் வரும் புரோமைடு நடுவில் உட்காருகிறது. 2-புரோமோபுரப்பேன்.

பெராக்சைடு இருந்தால் முதலில் நுழைவது புரோமின். பெராக்சைடு உடைந்து உண்டாகும் தனி உறுப்பு (இணையில்லாத ஒற்றை எலக்ட்ரான் கொண்ட துண்டு), ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துப் புரோமின் அணுவைத் தனியே விடுகிறது. அதுவும் ஓரக் கார்பனில்தான் ஒட்டுகிறது. அப்போதுதான் ஒற்றை எலக்ட்ரான் நடுக் கார்பனில் நிற்கும், ஈரிணைய தனி உறுப்பு கிடைக்கும். ஓரத்தில் நெரிசலும் குறைவு. அந்தத் தனி உறுப்பு இன்னொரு ஹைட்ரஜன் புரோமைடிடம் ஹைட்ரஜனை வாங்கி 1-புரோமோபுரப்பேன் ஆகிறது. மிஞ்சிய புரோமின் அணு அடுத்த புரப்பீனைத் தேடிப் போகிறது. இரண்டு வழியிலும் முதலில் வருவது ஓரத்தில்தான் ஒட்டுகிறது. ஆள்தான் வேறு.

ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் அயோடைடும் ஏன் இப்படிச் செய்வதில்லை? இப்படித் தொடரும் சங்கிலியின் இரண்டு படிகளும், அணு இரட்டைப் பிணைப்பில் ஒட்டுவதும் பிறகு ஹைட்ரஜனை வாங்குவதும், சுலபமாக ஓட வேண்டும். ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 431 கிலோஜூல் வேண்டும், புரோமைடுக்கு 366 போதும். அதனால் குளோரைடில் ஹைட்ரஜனை வாங்கும் படி சிக்குகிறது. அயோடினுக்கோ இரட்டைப் பிணைப்பில் ஒட்டும் முதல் படியே லாபமில்லை.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல. அல்லைல் புரோமைடு என்ற ஆல்க்கீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தவர்களுக்கு ஆளுக்கொரு விளைபொருள் கிடைத்துக்கொண்டிருந்தது. 1933-ல் காரஷ், மேயோ என்ற வேதியியலாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள்: காற்றுப் பட்ட ஆல்க்கீனில் தானாகவே உருவாகியிருந்த பெராக்சைடு. யாருடைய கைத்திறனிலும் கோளாறு இல்லை, புட்டிக்குள்தான் இருந்தது.

இப்போது 3-மெத்தில்பியூட்-1-ஈனோடு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்துப் பாருங்கள். விதி சொல்லும் 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேனோடு 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனும் கிடைக்கும். இரண்டாவது எங்கிருந்து வந்தது? நேரயனியை வரைந்துகொண்டு, பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைக் கொஞ்சம் கவனியுங்கள்.