எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்: மேடைக் கரண்ட் பற்றிக் கேள்வி பதில்

கொடை, திருவிழா சீசன் தொடங்குவதற்கு முன்னால், மேடைக்குக் கரண்ட் கொடுப்பது பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி இரைச்சல் பற்றி, மீதி டிரிப் ஆவது பற்றி. இருபது வருடத்துக்கு மேலாகச் சின்ன மேடைகளுக்கு மைக் செட் போடுகிறவன் நான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் இரண்டு மூன்று ஆம்ப், ஒரு மிக்சர், நாலு மானிட்டர் (பாடுகிறவர் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கர்), ஒரு மெல்லிசைக் குழு என்ற அளவுக்குத்தான். மெயின் போர்டைத் திறக்கிற வேலை எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதை நீங்களே செய்ய வேண்டாம்.

அண்ணா, மண்டபத்தில் ஸ்பீக்கர் பாக்ஸை ஆன் செய்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் சுத்தமாக நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். தப்பா? (தென்காசிப் பக்கம், சவுண்ட் சர்வீஸ்)

தப்புதான் தம்பி, உயிர் போகிற தப்பு. உங்கள் மிக்சர் மண்டபத்தின் கடைசிச் சுவரில் ஒரு பிளக்கில் இருக்கும், ஆம்ப் மேடைக்குப் பின்னால் வேறொரு பிளக்கில் இருக்கும். இரண்டு பிளக்கின் எர்த்தும் தனித்தனி வழியில் போர்டுக்குப் போகின்றன, நடுவில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். மிக்சரிலிருந்து ஆம்புக்கு ஆடியோ ஒயரைப் போட்டதும் அதன் ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாகக் கரண்ட் ஓடி ஒரு வளையம் உண்டாகிறது, அதுதான் அந்த 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்'. எர்த் பின்னைக் கழற்றினால் வளையம் அறும், சத்தமும் நிற்கும். ஆனால் ஆம்புக்குள் எப்போதாவது ஃபேஸ் ஒயர் பாடியில், அதாவது வெளி உலோகப் பெட்டியில், பட்டால் ஃபியூஸைப் போக வைத்து உங்களைக் காப்பாற்ற இருந்த வழியும் அதோடு சேர்ந்து அறுந்துவிட்டது. அந்தக் கரண்ட் பிறகு ஆடியோ ஒயரின் மெல்லிய ஷீல்டைத் தேடும், இல்லையென்றால் ஆம்பைத் தொடுகிற பையனைத் தேடும்.

1972 மே 3ஆம் தேதி வேல்ஸில் உள்ள ஸ்வான்சீயில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தார். எர்த் சரியில்லாத ஒரு மைக்கைத் தொட்டதுதான் காரணம். கிதாரின் கம்பி அதன் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது, மைக்கின் தலை மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டில் ஒன்று கெட்டாலும் நடுவில் நிற்கிறவரின் உடம்புதான் ஒயர். நம் ஊர் மேடையிலும் கணக்கு இதேதான்.

இரைச்சலுக்கு மருந்து இதுதான்: மிக்சருக்குக் கடைசிச் சுவர் பிளக்கை எடுக்காதீர்கள். மேடையில் ஆம்புக்கு எந்த இடத்தில் கரண்ட் எடுக்கிறீர்களோ அதே இடத்திலிருந்து மூணு கோர் ஒயர் ஒன்றை மல்டிகோரோடு (மேடைக்கும் மிக்சருக்கும் நடுவில் போகும், பல ஆடியோ ஒயர் சேர்ந்த கேபிள்) சேர்த்து மிக்சருக்கு இழுங்கள். மிக்சரும் சில கிதார் பெடலும் சேர்ந்தால்கூட இழுக்கும் கரண்ட் ஒரு ஆம்பியர் வராது, 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயரே தாராளம். நான் இப்படிப் போட ஆரம்பித்த பிறகு மண்டபங்களில் பத்துக்கு எட்டு இடத்தில் இரைச்சலே இல்லை.

அப்படியும் லேப்டாப்பும் கீபோர்டும் சொருகினால் மட்டும் இரைச்சல் வருகிறதே?

அது சிக்னல் பக்கத்துப் பிரச்சினை, அங்கேயே தீர்க்கலாம். ஒரு டிஐ பாக்ஸ் (கீபோர்டு, லேப்டாப் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வாங்கிக் கொள்ளுங்கள், டிரான்ஸ்பார்மர் உள்ள பேஸிவ் வகை. அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ ஷீல்டை மட்டும்தான் துண்டிக்கும், மின் எர்த்தைத் தொடாது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜர்தான். இரண்டு பின் அடாப்டர் போட்ட லேப்டாப்பைத் தொட்டால் லேசாகச் சுருக் என்பதும் அந்த அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவுதான்.

ஐயா, புது மண்டபத்துக்குப் போனால் பிளக்கை நம்பலாமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நம்பக் கூடாது. ஒரு மல்டிமீட்டர் இல்லாமல் வண்டியிலிருந்து இறங்காதீர்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230க்குப் பக்கத்தில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். நியூட்ரல், எர்த் நடுவில் 20, 30 வோல்ட் காட்டினால் அந்தப் பிளக்கை விட்டுவிடுங்கள்.

ஆனால் மீட்டர் ஏமாற்றும். எங்கோ அறுந்து தொங்குகிற எர்த் ஒயரிலும் அது ஏதோ ஒரு வோல்டேஜ் காட்டும். அதனால் மண்டப எலக்ட்ரீஷியனிடம் ஒரு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது, மங்கினால் இல்லை. போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிட்டால் இன்னும் சந்தோஷம், அதுவும் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சரியாகப் பூஜ்யம் வந்து, லோடு போட்ட பிறகும் அசையாமல் பூஜ்யமாகவே நின்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயர் போட்டிருப்பார்கள். ஒரு மண்டபத்தில் இப்படிப் போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. கச்சேரி நடுவில் அந்த லைனின் நியூட்ரல் எங்கோ விட்டுவிட்டது. உடனே ஃபேஸ் ஆம்ப் வழியாக வந்து, அந்தத் துண்டு ஒயர் வழியாக எங்கள் எல்லாப் பெட்டியின் பாடிக்கும் ஏறிவிட்டது. பாடிக்கொண்டிருந்த பையனுக்கு உதட்டில் அடித்து மைக்கைத் தூக்கி எறிந்தான். மேடையில் கம்பளம் விரித்திருந்ததால் பிழைத்தான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சேனலுக்கு 1000 வாட் வீதம் இரண்டு சேனல் உள்ள ஆம்ப் இரண்டு வைத்திருக்கிறேன். மொத்தம் 4000 வாட் ஆகிறது, ஒரு 16 ஆம்பியர் பிளக் தாங்குமா?

தாங்கும். 16 ஆம்பியர் பிளக் என்றால் 230ஆல் பெருக்கி 3680 வாட், அதைவிட 4000 பெரிது என்றுதானே பயப்படுகிறீர்கள்? ஆம்பில் எழுதியிருப்பது உச்சத்தில் ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய அளவு. பாட்டு எப்போதும் உச்சத்தில் இருக்காது, டிரம் அடி விழும்போது ஏறும், உடனே இறங்கும். அதனால் சராசரிக்கு எட்டில் ஒரு பங்கு என்று கணக்கு வைப்பார்கள். உங்கள் ஆம்ப் ஒன்றுக்கு 2000 வாட்டில் எட்டில் ஒன்று 250. பழைய கனத்த டிரான்ஸ்பார்மர் ஆம்ப் அதைக் கொடுக்கச் சுவரிலிருந்து 700, 800 வாட் இழுக்கும். எடை குறைந்த கிளாஸ் டி வகை அதில் பாதிதான். இரண்டும் சேர்த்து ஏழு ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நொடியில் ஆன் செய்யாதீர்கள், டிரான்ஸ்பார்மர் முதல் இழுப்பில் பல மடங்கு இழுத்து எம்சிபியை (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) தட்டிவிடும்.

லைட் அப்படியில்லை. 1000 வாட் பார் லைட் எட்டு எரிந்தால் 35 ஆம்பியரும் எரிந்துகொண்டே இருக்கிற நேரமெல்லாம் போகும். அதை உங்கள் சவுண்டு லைனில் சேர்க்க விடாதீர்கள், கமிட்டிக்காரர் என்ன சொன்னாலும் சரி. டிம்மர் (லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒரே லைனில் இருந்தால் ஸ்பீக்கரில் 'ஜ்ர்ர்' என்று கேட்கும். லைட்டுக்கு வேறு ஃபேஸ் கேளுங்கள்.

போஸ்டிலிருந்து மேடை 40 மீட்டர். என்ன ஒயர்?

4 ஸ்கொயர் மூணு கோர். 12 ஆம்பியர் இழுத்தால் 1.5 ஸ்கொயரில் 13 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், 4 ஸ்கொயரில் ஐந்துக்குள். ராத்திரி ஊரே சீரியல் செட் போட்டிருக்கும்போது லைனில் வருவதே 205 வோல்ட் என்றால் அந்த 13 பெரிய இழப்பு. இன்னொன்று, மிச்ச ஒயரை டிரம்மில் சுற்றியபடியே விடாதீர்கள். சுற்றின ஒயரில் சூடு வெளியே போக வழியில்லை, உள்சுற்று உருகி ஒட்டிக்கொண்டதை என் கையால் பிரித்திருக்கிறேன். முழுதாக அவிழ்த்துத் தரையில் எட்டுப் போல வளைத்துப் போடுங்கள்.

கமிட்டி ஆட்கள் லைனில் கொக்கி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மறுத்துவிடுங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் அது திருட்டு. உங்களுக்கு மேலே ஃபியூஸும் இல்லை, எர்த்தும் இல்லை. தற்காலிக இணைப்புக்கு மின் வாரியத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டர்.

வாடகை ஜெனரேட்டர் வருகிறது, 15 கேவிஏ, த்ரீ ஃபேஸ். எதைக் கவனிப்பது?

15 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 12 கிலோவாட், ஒரு ஃபேஸுக்கு நாலு. நாலுக்கு மேல் எந்த ஒரு ஃபேஸிலும் ஏற்றாதீர்கள். முதலில் எதையும் சொருகாமல் ஓடவிட்டு மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் பாருங்கள், பிறகு ஃபிரீக்வென்சி 50க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

எர்த் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தரையில் ஒரு கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றி "எர்த் போட்டாச்சு" என்பார் டிரைவர். அந்தக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்றால், ஃபேஸ் பாடியில் பட்டால் அதில் போவது 230 வகுத்தல் 20, பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையாது, பாடி லைவாகவே நிற்கும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். அது வேலை செய்ய ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் பாடியோடும் எர்த் கம்பியோடும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேராமல் மிதந்துகொண்டிருந்தால் கசிகிற கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை, ஆர்சிசிபி அலங்காரத்துக்கு மாட்டியது போலத்தான். இதை ஜெனரேட்டர்காரரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழுகிறது. நேரடியாகக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. காரணம் இருக்கிறது. ஒவ்வொரு எல்இடி லைட்டும் ஒவ்வொரு பவர் சப்ளையும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும், அரை மில்லி ஆம்பியர், ஒன்று என்று. 25 எல்இடி பாரை ஒரே ஆர்சிசிபியில் மாட்டினால் அதுவே எல்லையைத் தொட்டுவிடும், ஏனென்றால் 30 என்று எழுதியிருந்தாலும் 15ஐத் தாண்டினாலே விழ அதற்கு உரிமை உண்டு. லைட்டுக்கு ஒன்று, சவுண்டுக்கு ஒன்று, முடிந்தால் கலைஞர்கள் சொருகும் பாக்ஸுக்குத் தனியாக ஒன்று என்று பிரியுங்கள். பிரித்த பிறகும் விழுந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி எது என்று பாருங்கள். எங்களுக்குப் பலமுறை அது ஏதோ ஒரு கீபோர்டு கலைஞர் வீட்டிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகத்தான் இருந்திருக்கிறது.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது டிஜிட்டல் மிக்சர் ரீஸ்டார்ட் ஆகிறது.

மிக்சருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ். ஆம்பை அதில் மாட்டாதீர்கள். கரண்ட் போன உடனே ஆம்பை எல்லாம் ஆஃப் செய்து, ஜெனரேட்டர் நிதானமான பிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதல்.

மழை பிடித்தால்?

பிளக் இணைப்புகளைத் தரையில் விடாமல் செங்கல் மேலோ கம்பியில் கட்டியோ தூக்குங்கள், வாய் கீழே பார்க்க. பாலிதீன் பையை இறுக்கிக் கட்டினால் உள்ளே தண்ணீர் தேங்கும், மேலே குடை போல மட்டும் போடுங்கள். பாக்ஸுக்குள் நுழையும் ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேடை நனைந்து, காலடியில் ஈரம் தெரிந்துவிட்டால் கச்சேரியை நிறுத்துங்கள். காசு போனால் போகட்டும்.

நான் சவுண்டு போடுகிறவள் இல்லை. என் மகள் கோயில் கச்சேரிகளில் பாடுகிறாள். போன வாரம் மைக்கில் உதட்டில் ஜிவ்வென்று இழுத்தது என்றாள். மைக் செட்காரர் "பழகிடும்மா" என்றாராம்.

பழகக் கூடாதம்மா. அடுத்த முறை அப்படி இழுத்தால் உடனே கையை விட்டுக் கீழே இறங்கிவிடச் சொல்லுங்கள், பாட்டு நடுவில் என்றாலும் சரி, யார் கோபித்தாலும் சரி. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு மறைப்பது, செருப்புப் போட்டுப் பாடச் சொல்வது எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மைக் செட்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எல்லாப் பிளக்கிலும் மூன்று பின் இருக்கிறதா, லைனில் ஆர்சிசிபி இருக்கிறதா. இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லி, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் கண்முன் அழுத்தி அது விழுவதைக் காட்டினால் பாடட்டும். காட்டவில்லையென்றால் அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.