லோட்டஸ் நோட்ஸ் அட்மினிடம் கேளுங்கள்

கம்பெனிகள் மெயிலுக்கும் ஆபீஸ் வேலைகளுக்கும் வைத்திருக்கும் பழைய மென்பொருள் லோட்டஸ் நோட்ஸ். 2004-லிருந்து அதுவும் அதன் டாமினோ சர்வரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டிய கம்பெனிகளின் தபாலுக்குக் காவல் இருக்கிறேன். ஆபீசில் என் பட்டப்பெயர் போஸ்ட்மாஸ்டர். கேள்வி கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

லோட்டஸ் நோட்ஸா? அது இன்னும் உயிரோடு இருக்கிறதா சார்?

கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதைத்தான் கேட்கிறார்கள். இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் 'நோட்ஸ்' என்று ஒரு வசதி இருந்தது. அங்கே படித்த ரே ஓஸி அதை மறக்காமல், 1984-ல் ஐரிஸ் என்ற சின்ன கம்பெனி தொடங்கினார். அவர்கள் எழுதிய நோட்ஸை லோட்டஸ் என்ற மென்பொருள் கம்பெனி 1989-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1995-ல் ஐபிஎம் சுமார் 350 கோடி டாலர் கொடுத்து லோட்டஸையே வாங்கியது. 2018 டிசம்பரில், வேறு சில மென்பொருள்களோடு சேர்த்து 180 கோடி டாலருக்கு எச்சிஎல் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2019-ல் கைமாறியது. திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் தொடங்கிய அதே எச்சிஎல்தான். லோட்டஸ் நோட்ஸ், ஐபிஎம் நோட்ஸ், எச்சிஎல் நோட்ஸ் என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் வாயில் இன்னும் லோட்டஸ்தான் வருகிறது.

அதைப் பயன்படுத்திய எல்லோரும் ஏன் இப்படித் திட்டுகிறார்கள் அண்ணா?

எஃப்5 என்ற ஒரு பொத்தானுக்கே பாதித் திட்டு போகும். பிரவுசரில் எஃப்5 தட்டினால் பக்கம் புதுப்பிக்கும். நோட்ஸில் தட்டினால் உங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பாஸ்வேர்ட் கேட்கும். புதுப்பிக்க எஃப்9. ஒருமுறை வாடிக்கையாளர் கம்பெனியில் ஒரு பெரிய அதிகாரி, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடவிட எஃப்5 தட்டியிருக்கிறார். ஆனால் அந்த நிமிஷம் முன்னால் இருந்த ஜன்னல் நோட்ஸ். திரை முழுக்கப் பாஸ்வேர்ட் பெட்டி. பதற்றத்தில் பாஸ்வேர்ட் மறந்துபோய், எனக்குப் போன் வந்தது. 'உங்கள் சர்வர் என்னை வெளியேற்றிவிட்டது' என்றார். சர்வருக்கு அதில் சம்பந்தமே இல்லை. இதை அந்த நாற்பது பேர் காதில் விழும்படி ஸ்பீக்கர் போனில் நான் எப்படிச் சொல்வது?

ஆனால் திட்டுவதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. நோட்ஸ் அடிப்படையில் மெயில் மென்பொருளே இல்லை. அது ஒரு டேட்டாபேஸ். லீவு விண்ணப்பம், கொள்முதல் ஒப்புதல், வாடிக்கையாளர் புகார் என்று எதையும் அதில் கட்டலாம், மெயில் அதில் ஓடும் ஒரு பயன்பாடு, அவ்வளவுதான். சாதாரண மக்கள் கண்ணில் பட்டது அந்த மெயில் மட்டும். லாரியை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டர் மாதிரி சந்துக்குள் திரும்பவில்லையே என்றால் லாரி என்ன செய்யும்?

பாஸ்வேர்ட் அடிக்கும்போது பக்கத்தில் படம் மாறிக்கொண்டே இருந்ததே, அது எதற்கு?

உங்கள் பாஸ்வேர்டுக்கு எப்போதும் ஒரே படம்தான் கடைசியில் வரும். யாராவது போலிப் பெட்டி செய்து வைத்தால் படம் மாறிவிடும், நீங்கள் உஷாராகலாம் என்று கணக்கு. அதைக் கவனித்து எனக்குப் போன் செய்த யூசர் இதுவரை ஒருவரும் இல்லை.

உங்கள் வாழ்க்கையிலேயே மோசமான நாள் எது?

இறந்தவர்கள் எழுந்து வந்த நாள். நோட்ஸில் ரெப்ளிகேஷன் என்று ஒன்று உண்டு. ஒரே டேட்டாபேஸின் பிரதி சர்வரிலும் இருக்கும், லேப்டாப்பிலும் இருக்கும், அவ்வப்போது இரண்டும் கணக்கு நேர் செய்துகொள்ளும். ஓர் ஆவணத்தை அழித்தால் அது தடம் இல்லாமல் போகாது, 'இது செத்துவிட்டது' என்று ஓர் இறப்புச் சான்றிதழை விட்டுப்போகும். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் மற்றப் பிரதிகளும் தங்களிடம் இருப்பதை அழிக்கும். சான்றிதழ்களையே காலம் முழுக்கச் சேர்த்து வைக்க முடியாதல்லவா? வழக்கமான அமைப்பில் 90 நாள் கெடு. அதற்கப்புறம் அவையும் துடைக்கப்படும்.

விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் ஐந்து மாதம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்ததும் 'சில ஆவணங்களைக் காணோம்' என்று ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் ரெப்ளிகேஷன் ஹிஸ்டரியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டான். ஹிஸ்டரி இருந்திருந்தால், போன தடவைக்கு அப்புறம் மாறியதை மட்டும்தான் சர்வர் வாங்கியிருக்கும். அது இல்லாததால் லேப்டாப்பில் இருந்த அத்தனையும் பேச்சுக்கு வந்தன. சர்வரில் சான்றிதழ் கிடையாது. ஆகவே அதற்கு எல்லாமே புது ஆவணம். முடித்து அழித்த பதினோராயிரம் புகார்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன. அதோடு நிற்கவில்லை. 'நிலுவையில் உள்ள புகார்' என்று தானாக நினைவூட்டும் ஏஜென்ட் ஒன்று இரவில் ஓடும். விடிவதற்குள், எப்போதோ சமாதானமாகிப் போன வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கடிதம் போய்விட்டது.

நல்லவேளை, ஓர் ஆவணம் இந்தப் பிரதிக்குள் எப்போது நுழைந்தது என்பதையும் நோட்ஸ் குறித்து வைத்திருக்கும். அந்த இரவு நுழைந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும்படி ஒரு வியூ கட்டி, மறுபடி அழித்தேன். பையனைத் திட்டினீர்களா என்றால், இல்லை. 'ஹிஸ்டரியைத் துடை' என்பதை முதலுதவிக் குறிப்பில் எழுதி வைத்தவன் நான்தான்.

'மெயில் அனுப்பினேன், அவருக்கு வரவில்லை' என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

என் சர்வர் எதிர் சர்வரிடம் கடிதத்தைக் கொடுத்ததும் அது '250' என்று பதில் சொன்னால், பெற்றுக்கொண்டேன் என்று பொருள். பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கிய மாதிரி. சர்வரின் பதிவேடான லாகில் அந்த வரியைக் காட்டினால் என் வேலை முடிந்தது. அதற்கப்புறம் ஸ்பாமில் விழுந்ததா, அவரே எப்போதோ போட்டு மறந்த ரூல் வேறு ஃபோல்டருக்குத் தள்ளியதா என்பது அந்த வீட்டு விவகாரம்.

அப்புறம் ஒன்று. பணம் கொடுக்க மனசில்லாதவருக்கு 'மெயில் வரலையே சார்' என்பது நல்ல சால்ஜாப்பு. நான் லாக் எடுத்துக் காட்டிய மறுநாள் பில் பாஸான கதைகள் உண்டு.

எங்கள் ஆபீசில் 25 எம்.பி. வரை அனுப்பலாம் என்கிறார்கள். 20 எம்.பி. ஃபைலே திரும்பி வருகிறதே?

மெயில் எழுத்துகளுக்காகப் பிறந்தது. ஃபைலை அனுப்ப, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றிக் கட்டுகிறது. உங்கள் 20 வழியில் 27 ஆகிவிடும். லிங்க் அனுப்புங்கள்.

அனுப்பிய மெயிலைத் திரும்ப வாங்க முடியுமா? அவசரம்.

கம்பெனிக்குள் என்றால் முயன்று பாருங்கள். வெளியே போயிருந்தால், போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள்.

நோட்ஸிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறப்போகிறோம். மூன்று மாதத்தில் முடியுமா சார்?

மெயிலை மட்டும் கேட்கிறீர்கள் என்றால் முடியலாம். என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி போட்டுப் பூட்டிய கடிதங்களை முதலில் எண்ணுங்கள். அவற்றின் சாவி ஒவ்வொரு யூசரின் ஐடி ஃபைலுக்குள் இருக்கிறது. அந்த ஃபைலைத் தொலைத்து, ஐடி ஃபைல்களின் நகலைச் சர்வரில் பத்திரப்படுத்தும் ஐடி வால்ட்டிலும் நகல் இல்லை என்றால், அந்தக் கடிதத்தை என்னாலும் திறக்க முடியாது, எச்சிஎல்லாலும் முடியாது. அடுத்தது டாக்லிங்க். 'விவரம் இங்கே' என்று கடிதத்துக்குள் போட்டிருப்பார்களே அந்தச் சின்ன ஐகான், அவுட்லுக் போனால் பெரும்பாலும் செத்துவிடும்.

பெரிய தலைவலி, நான் மேலே சொன்ன அந்த லாரி. மெயில் போய்விடும், பயன்பாடுகள் போகாது. 'நோட்ஸை மூடிவிட்டோம்' என்று கேக் வெட்டிய ஒரு கம்பெனிக்கு ஆறு வருஷம் கழித்தும் இரண்டு டாமினோ சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்முதல் ஒப்புதல் அதில்தான் ஓடியது. அதை எழுதியவர் ரிட்டயர் ஆகிவிட்டார், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, தொடவும் பயம். முதலில் உங்களிடம் எத்தனை டேட்டாபேஸ் இருக்கிறது, கடைசியாக யார் எப்போது திறந்தார்கள் என்று பட்டியல் எடுங்கள். மூன்று மாதமா மூன்று வருஷமா என்பதை அந்தப் பட்டியல் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்கிறீர்களே, வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

நியூயார்க்கில் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத்தான் சர்வரில் கைவைக்க அனுமதி தருவார்கள். அவர்களுடைய கோடைக்காலத்தில் அது நமக்கு ஞாயிறு காலை ஏழரை. ஏழரை என்றாலே நமக்குத் தெரியுமே! என் மனைவி காலண்டரில் அந்த ஞாயிறுகளைச் சனி என்றே எழுதி வைக்கிறாள். குளிர்காலத்தில் எட்டரை ஆகிவிடும், ஒரு மணி நேரம் கூடத் தூக்கம்.

இறுதியாண்டு படிக்கிறேன் அண்ணா. டாமினோ கற்றுக்கொள்ளலாமா?

அதிலிருந்து தொடங்காதே தம்பி. ஆள் குறைவு என்பதால் எங்களுக்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் சர்வரும் குறைந்துகொண்டேதான் வருகிறது. டொமைன் பெயரை வைத்து சர்வரைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ், சர்வருக்கு சர்வர் மெயிலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி இரண்டையும் ஆழமாகப் படி. மெயில் போலியா அசலா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் ஒரு சொந்த டொமைன் வாங்கிக் கையால் அமைத்துப் பார். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இவை மூன்றும் கட்டாயம் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த பிறகு, இது தெரிந்த ஆளை எல்லோரும் தேடுகிறார்கள். எந்த மெயில் மென்பொருள் வந்தாலும் போனாலும் இந்தப் படிப்பு வீண் போகாது. கட்டளை எழுதி சர்வர்களை நிர்வகிக்கும் பவர்ஷெல்லும் கொஞ்சம் பழகிக்கொள்.

இப்போது உங்கள் ஆபீஸ் மெயில் எதில்?

அவுட்லுக். இரண்டு வருஷமாயிற்று. புது மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க விரல் இன்னும் தானாக எஃப்9-க்குத்தான் போகிறது. அதிர்ஷ்டம், அவுட்லுக்கிலும் அதுதான் அனுப்பு-பெறு பொத்தான். பிரவுசரில் எஃப்5 தட்டத்தான் இன்னும் ஒரு நொடி தயங்குகிறேன்.