காம்பியாவில் முடிந்தது, நைஜரில் ஏன் முடியவில்லை?

வணக்கம் சார்,

சென்ற மாதக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "தோற்ற அதிபரை அண்டை நாடுகள் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பிய காம்பியா." அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். அதே எக்கோவாஸ் (மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு), அதே நைஜீரியா, 2023-இல் நைஜர் ராணுவத்துக்கு ஒரு வாரக் கெடு விதித்ததே, என்ன ஆயிற்று? கெடு முடிந்தது, ஆட்சியைப் பிடித்தவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இந்த அமைப்புகள் எல்லாம் பிரான்சும் அமெரிக்காவும் பின்னால் நின்று ஆட்டுவிக்கும் பொம்மைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. என் மாமா 2000-இல் இந்தியப் படையோடு சியரா லியோன் போனவர். "காப்பாற்ற வந்தவன் கண்ணெல்லாம் வைரத்தின் மேலேதான்" என்பார். ஜனநாயகம், நிலைத்தன்மை என்பதெல்லாம் சும்மாதானே?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

மாமா சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் காம்பியா. "படை வந்தது, அதிபர் ஓடினார்" என்று அதைச் சுருக்கிவிட்டால் நைஜர் விஷயம் புரியவே புரியாது.

யஹ்யா ஜம்மே 1994-இல் ராணுவச் சதியில் வந்தவர். எய்ட்ஸை மூலிகையால் குணப்படுத்துகிறேன் என்றவர், கடவுள் விரும்பினால் நூறு கோடி ஆண்டுகள் ஆள்வேன் என்றும் சொன்னவர். சிரிக்கத் தோன்றும், ஆனால் 2016 ஏப்ரலில் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு வீதிக்கு வந்த சோலோ சாண்டெங் காவலில் செத்துப்போனார், அவருக்காக ஊர்வலம் போன எதிர்க்கட்சித் தலைவர் சிறைக்குப் போனார். அந்தக் கோபத்தில்தான் ஏழு எதிர்க்கட்சிகள் கூடி அடாமா பாரோவை நிறுத்தின. பெரிய தலைவர் ஒன்றும் இல்லை, வீடு மனை வியாபாரி, ஒரு காலத்தில் லண்டனில் கடைக் காவலாளியாக இருந்தவர்.

அங்கே ஓட்டுப் போடும் முறை தெரியுமா? வாக்குச்சீட்டு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு இரும்பு டிரம், வாக்காளர் கையில் ஒரு கோலிக்குண்டு. உள்ளே போட்டால் மணி ஒன்று அடிக்கும், இரண்டாவது தடவை அடித்தால் கள்ள ஓட்டு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்த டிசம்பரில் வந்த புதுமை என்னவென்றால், கோலிகளை அந்தந்தச் சாவடியிலேயே எல்லோர் கண்முன்னாலும் எண்ணி அறிவித்தார்கள். பாரோவுக்கு 43 சதவீதம், ஜம்மேவுக்கு 40-க்குக் கொஞ்சம் கீழே. அந்த எண்கள் ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு தலைநகரில் உட்கார்ந்து மாற்றுவது லேசில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி தொலைக்காட்சியில் ஜம்மே சிரித்துக்கொண்டே தோல்வியை ஒப்புக்கொண்டார், ஒரு வாரம் கழித்து முடியாது, மறுதேர்தல் வேண்டும் என்றார்.

எக்கோவாஸ் உள்ளே வந்தது இதற்கு அப்புறம்தான். நைஜீரியாவின் புகாரி, லைபீரியாவின் சர்லீஃப், சியரா லியோனின் கொரோமா ஆகியோரோடு கானாவின் ஜான் மஹாமாவும் காம்பியத் தலைநகர் பஞ்சுலுக்குப் போனார். மஹாமா சில நாட்கள் முன்புதான் தன் நாட்டுத் தேர்தலில் தோற்று, அதை ஒப்புக்கொண்டிருந்தார்! அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு "தோற்றாலும் போகமாட்டேன்" என்று சொல்வது ஜம்மேவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் சொன்னார். நீதிமன்றத்துக்குப் போனார், அங்கே வேறொரு கூத்து. உச்ச நீதிமன்றத்துக்கு நைஜீரியா, சியரா லியோன் நாடுகளிலிருந்து நீதிபதிகளை வரவழைப்பது அவர் வழக்கம், இந்தத் தடவை அவர்கள் வரவில்லை, வழக்கைக் கேட்கப் போதிய ஆள் இல்லை. அமைச்சர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள், துணை அதிபரும் போனார். 2017 ஜனவரி 19-ஆம் தேதி பாரோ செனகல் தலைநகர் டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார், ஐநா பாதுகாப்பு அவை அன்றே அவரை ஆதரித்துத் தீர்மானம் போட்டது, செனகல் படை எல்லையைத் தாண்டியது. காம்பியாவைச் சுற்றி மூன்று பக்கமும் செனகல்தான். ராணுவமோ மிகச் சிறியது, அதன் தலைமைத் தளபதி இந்தச் சண்டையில் என் வீரர்களை இறக்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். 21-ஆம் தேதி இரவு ஜம்மே விமானம் ஏறினார், சொகுசுக் கார்கள் தனியாகச் சரக்கு விமானத்தில் போயின. போய்ச் சேர்ந்த இடம் எக்குவடோரியல் கினி, 1979 முதல் ஒரே ஆள் ஆளும் நாடு.

ஆக, வெளியே இருந்து வந்த படை அங்கே உருவாக்கியது எதுவும் இல்லை. முடிவு ஏற்கெனவே டிரம்முக்குள் எண்ணப்பட்டிருந்தது. அதை நிறைவேற்ற மறுத்தது ஒரே ஒரு ஆள், அந்த ஆளுக்காகச் சாக உள்ளே யாரும் தயாராக இல்லை.

இப்போது நைஜர். 2023 ஜூலை 26 அன்று அதிபர் முகமது பசூமைப் பிடித்து வைத்தவர் அவருடைய காவல் படைக்குத் தலைவரான ஜெனரல் சியானி. பசூம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான், ஆனால் நாடு பெரிது, ராணுவம் சண்டையில் பழகியது, மற்ற தளபதிகளும் சியானி பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அப்போதுதான் எக்கோவாஸ் தலைமைக்கு வந்திருந்த நைஜீரிய அதிபர் டினுபு ஒரு வாரம் கெடு விதித்தார். கெடு முடிந்த ஆகஸ்ட் 6 அன்று நைஜர் தலைநகர் நியாமேயில் ஒரு விளையாட்டரங்கம் நிறைய ஜனம் ராணுவத்துக்குக் கைதட்டியது. மாலியும் புர்கினா ஃபாசோவும் "நைஜர் மேல் கை வைத்தால் அது எங்கள் மேல் போர்" என்றன. நைஜீரியாவின் சொந்த செனட்டே படையெடுப்பு வேண்டாம் என்றது, ஏனென்றால் சுமார் 1,600 கிலோமீட்டர் எல்லையின் இரண்டு பக்கமும் ஹவுசா பேசுகிற அதே மக்கள், அதே கல்யாண உறவுகள், அதே சந்தைகள். எல்லைக்கு அந்தப் பக்கம் குண்டு போட்டால் இந்தப் பக்கம் ஓட்டு போய்விடும்.

படைக்குப் பதில் தடை வந்தது. எல்லையை மூடினார்கள், டாக்கரில் உள்ள பொது மத்திய வங்கியில் நைஜரின் பணத்தை முடக்கினார்கள், நைஜீரியா மின்சாரத்தைத் துண்டித்தது. நைஜரின் மின்சாரத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பெனின் எல்லையில் மலான்வில் ஊரில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. இருட்டில் உட்கார்ந்திருந்தவன் சியானியைத் திட்டவில்லை, எக்கோவாஸைத் திட்டினான். இது எனக்கு இன்னும் ஆத்திரம் தருகிற விஷயம், உலகத்திலேயே மிக ஏழை நாடுகளில் ஒன்றின் ஆஸ்பத்திரி மின்சாரத்தை நிறுத்தி ஜனநாயகத்தை மீட்கலாம் என்று யாருக்கு எப்படித் தோன்றியது?

ஆனாலும் எக்கோவாஸின் பேச்சுக்கு மதிப்பு போனது 2023-இல் இல்லை, அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டது என்பது என் கட்சி. 2001-இல் அவர்களே ஒரு உடன்படிக்கை எழுதினார்கள், அரசியல் சட்டத்துக்கு விரோதமாக ஆட்சியைப் பிடிப்பதைச் சகித்துக்கொள்ளமாட்டோம் என்று. 2009-இல் இதே நைஜரில் மம்மாது தாண்ட்ஜா என்ற அதிபர் சட்டத்தை மாற்றிப் பதவியை நீட்டியபோது, அவர் சிப்பாய் உடையில் வரவில்லை என்றாலும், நைஜரை இடைநீக்கம் செய்தார்கள். நல்ல முன்னுதாரணம். 2015-இல் யாரும் இரண்டு முறைக்கு மேல் ஆளக்கூடாது என்ற விதியை எல்லா நாட்டுக்கும் பொதுவாக்கப் பார்த்தார்கள், காம்பியாவும் டோகோவும் மறுத்ததால் அது கைவிடப்பட்டது. 2020-இல் கினியில் அல்ஃபா கோண்டேயும் ஐவரி கோஸ்டில் உவாத்தாராவும் புதிய அரசியல் சட்டத்தைக் காட்டிப் பழைய கணக்கை அழித்து மூன்றாவது முறை நின்றார்கள், தெருவில் ஆட்கள் செத்தார்கள், எக்கோவாஸ் தாண்ட்ஜாவுக்குச் செய்ததை இவர்களுக்குச் செய்யவில்லை. கோண்டே யார்? ஜம்மேவிடம் கடைசி இரவு வரை உட்கார்ந்து பேசி "தோற்றால் போக வேண்டும்" என்று விமானம் ஏற்றி அனுப்பியவர்களில் ஒருவர்! அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரை ஒரு கர்னல் கவிழ்த்தபோது தலைநகர் கொனாக்ரியில் ஜனம் தெருவில் இறங்கிக் கொண்டாடியது, எக்கோவாஸோ மூன்றே நாளில் கினியை இடைநீக்கம் செய்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாலிக்காரனும் நைஜர்காரனும் இது அதிபர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் சங்கம் என்று முடிவு கட்டினால் அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

உங்கள் பொம்மை வாதத்துக்கு இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. பிரான்சுக்கு நைஜரில் யுரேனியமும் படையும் இருந்தது உண்மை, எக்கோவாஸ் மிரட்டலை பிரான்சு ஆதரித்ததும் உண்மை, அது சியானிக்குப் பெரிய உதவியாகவும் போயிற்று. ஆனால் மின்சாரத்தை நிறுத்தியது அபுஜாவில் இருக்கும் நைஜீரிய அரசு. கோண்டேயைக் கண்டுகொள்ளாமல் விட்டது சக அதிபர்கள். எல்லாவற்றையும் பாரிஸ் தலையில் கட்டினால் இவர்கள் சுலபமாகத் தப்பிவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் எக்கோவாஸிலிருந்து முறைப்படி வெளியேறிவிட்டன. பிரெஞ்சுப் படை அதற்கு முன்பே போய்விட்டது. ராணுவ ஆட்சிகள் அங்கேயே இருக்கின்றன, ஜிகாதித் தாக்குதலும் குறையவில்லை.

காம்பியாவையும் புனிதமாக்க வேண்டாம். மூன்று ஆண்டுகளில் இறங்கிவிடுவதாகக் கூட்டணியிடம் சொன்ன பாரோ இறங்கவில்லை. அதிபருக்கு வரம்பு வைத்த புதிய அரசியல் சட்ட வரைவு 2020-இல் நாடாளுமன்றத்தில் விழுந்தது. ஆனால் 2021-இல் தேர்தல் நடந்தது, கோலிகள் எண்ணப்பட்டன, ஜம்மே காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன்னால் அவருடைய கொலைப்படை ஆட்களே உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்ததை நாடு நேரலையில் பார்த்தது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, மாமா. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1998-இல் சியரா லியோனில் கவிழ்க்கப்பட்ட அதிபர் கப்பாவை மீண்டும் பதவியில் உட்காரவைத்தது நைஜீரியப் படை. அப்போது நைஜீரியாவை ஆண்டவர் சானி அபாச்சா, தன் நாட்டில் தேர்தலில் வென்றவரைச் சிறையில் வைத்திருந்த ராணுவ சர்வாதிகாரி. லைபீரியாவில் அதே படைக்கு, கண்ணில் பட்ட காரையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெயர். 2000-இல் ஐநா படைக்குத் தலைமை தாங்கிய இந்திய ஜெனரல் விஜய் ஜெட்லி, நைஜீரிய அதிகாரிகளுக்கு வைரத்தில் பங்கு இருக்கிறது என்று எழுதிய அறிக்கை வெளியே கசிந்து பெரிய ரகளை ஆனது. நைஜீரியா மறுத்தது, கொஞ்ச நாளில் இந்தியா தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் போர் 2002-இல் முடிந்தது, ஐநா படை 2005-இல் வீடு திரும்பியது, 2007-இல் அங்கே ஆளுங்கட்சி தேர்தலில் தோற்று எதிர்க்கட்சியிடம் ஆட்சியைக் கொடுத்தது. இதையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

சியரா லியோனின் கைலாஹுனில் கிளர்ச்சியாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வளைத்து வைத்திருந்த இருநூற்றுச் சொச்சம் இந்திய வீரர்களை அந்த ஜூலையில் மழைக்கு நடுவே மீட்டார்களே, அப்போது அவர் எங்கே இருந்தார்? அவருக்குச் சம்மதம் என்றால் எழுதச் சொல்லுங்கள், அவர் சொல்வதை அப்படியே இங்கே போடுகிறேன்.