பேஸ் கிளாஸ் லிஸ்டை எக்ஸ்எம்எல் ஆக்கும்போது பிழை வருவது ஏன்?

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் சி ஷார்ப்பில் எழுதியது. 'கட்டணம்' ஒரு பேஸ் கிளாஸ். ரொக்கம், அட்டை, காசோலை ஆகிய மூன்றும் அதன் சைல்ட் கிளாஸ்கள். 'பில்' கிளாஸுக்குள் கட்டணங்களின் லிஸ்ட் ஒன்று இருக்கிறது. ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக எழுதவும் திரும்பப் படிக்கவும் டாட்நெட் தரும் எக்ஸ்எம்எல்சீரியலைசர் மூலம் பில்லைச் சேமித்தால், எக்ஸ்எம்எல் ஆவணத்தை உருவாக்குவதில் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. இந்த ஃபைலைத்தான் கணக்காளரின் மென்பொருளும் படிக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: திரையில் தெரியும் அந்த வரியை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் மூலப் பிழையான இன்னர் எக்செப்ஷனைத் திறந்து பாருங்கள். 'காசோலை' என்ற டைப்பை எதிர்பார்க்கவில்லை, எக்ஸ்எம்எல்இன்க்ளூட் (கூடுதல் டைப்பை சீரியலைசருக்கு அறிவிக்கும் அட்ரிபியூட்) பயன்படுத்துங்கள் என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கும். இந்த சீரியலைசர் தரும் பிழைகளில் உண்மையான காரணம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

சீரியலைசரை நியூ போட்டு உருவாக்கும்போதே, எந்தெந்த டைப்பை எப்படி எழுதுவது, படிப்பது என்பதற்கான கோடை அது தயார் செய்துவிடுகிறது. அப்போது அதன் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் டிக்ளேர் செய்த டைப்கள் மட்டும். பில்லில் 'கட்டணம்' லிஸ்ட் என்று இருப்பதால் கட்டணத்தை அறிந்துகொள்கிறது. ரன்டைமில் காசோலை வந்து நின்றால் அது யாரென்று அதற்குத் தெரியாது. லிஸ்ட் காலியாக இருந்தால் பிழையே வராது, அதனால் சோதனையில் தப்பி வாடிக்கையாளரிடம் போன பிறகு வெளிப்படும். இந்தக் கட்டுப்பாடு தொல்லையாகத் தோன்றினாலும் நல்லதுதான். ஃபைலில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அந்த கிளாஸை உருவாக்கிக் கொடுக்கும் சீரியலைசர்கள் பாதுகாப்புக்குப் பெரிய ஓட்டை.

சரி, தீர்வு. எளியது, கட்டணம் கிளாஸின் தலையில் மூன்று சைல்ட் கிளாஸ்களுக்கும் தலா ஒரு எக்ஸ்எம்எல்இன்க்ளூட் போடுவது. அப்போது ஒவ்வொரு எலிமென்ட்டும் 'கட்டணம்' என்ற பெயரிலேயே எழுதப்படும். கூடவே எக்ஸ்எஸ்ஐ:டைப் என்ற அட்ரிபியூட்டில் 'காசோலை' என்று இருக்கும். இது மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்த வழக்கமல்ல, 2001இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா தரத்திலேயே உள்ளது. எழுதுவதும் படிப்பதும் உங்கள் மென்பொருள் மட்டுமே என்றால் இதோடு வேலை முடிந்தது.

ஆனால் உங்கள் ஃபைலை வேறொருவர் படிக்கிறார். அந்த மென்பொருள் எக்ஸ்எஸ்ஐ:டைப்பைப் பார்க்குமா என்பது உங்கள் கையில் இல்லை. வெளியே போகும் எக்ஸ்எம்எல்லுக்கு எலிமென்ட்டின் பெயரே வகையைச் சொல்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு பில் கிளாஸில் உள்ள லிஸ்ட் ப்ராப்பர்ட்டியின் மேல் எக்ஸ்எம்எல்அர்ரேஐட்டம் அட்ரிபியூட்டை மூன்று முறை போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் அதற்குரிய டைப்பும். இப்போது ஃபைலைத் திறந்தால் ரொக்கம், அட்டை, காசோலை என்றே எலிமென்ட்கள் நிற்கும். நிரல் தெரியாத கணக்காளர்கூடப் படித்துப் புரிந்துகொள்வார். லிஸ்டைச் சுற்றி ஒரு வெளி எலிமென்ட் வேண்டாம் என்றால், அதே இடத்தில் எக்ஸ்எம்எல்எலிமென்ட் போடலாம். நாளைக்கு யுபிஐ என்று நான்காவது வகை வந்தால் இங்கேயும் ஒரு வரி சேர்க்க வேண்டும், மறந்தால் பழைய பிழை திரும்பி வரும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதில்தான் எச்சரிக்கை தேவை. சைல்ட் கிளாஸ்கள் வேறு ப்ராஜெக்ட்டில் இருந்து, பேஸ் கிளாஸிலிருந்து அவற்றைக் குறிப்பிட முடியாவிட்டால், சீரியலைசரின் கன்ஸ்ட்ரக்டருக்கே கூடுதல் டைப்களை அர்ரேயாகக் கொடுக்கலாம். வேலை செய்யும். ஆனால் டைப் மட்டுமோ, டைப்பும் டிஃபால்ட் நேம்ஸ்பேஸுமோ வாங்கும் கன்ஸ்ட்ரக்டர்களுக்குத்தான் டாட்நெட் தயாரித்த கோடை கேஷில் வைத்து மறுபடி பயன்படுத்துகிறது. மற்றவற்றில் ஒவ்வொரு நியூவுக்கும் புதிதாக ஓர் அசெம்பிளி (தயாரித்த கோடின் தொகுப்பு) உருவாகி மெமரியிலேயே தங்கிவிடும். பில் ஒன்றுக்கு ஒரு நியூ என்று எழுதினால், நாள் முழுக்க ஓடும் சர்வரில் மெமரி ஏறிக்கொண்டே போகும். காரணத்தைத் தேடுபவர் இந்த வரியைச் சந்தேகிக்கவே மாட்டார். ஆகவே சீரியலைசரை ஒரே முறை உருவாக்கி ஸ்டேட்டிக் ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. தனியாக ஒரு காசோலையைச் சேமிக்கும்போது, ஆப்ஜெக்ட்டின் சொந்த டைப்பை கெட்டைப் (GetType) மூலம் எடுத்து சீரியலைசருக்குக் கொடுத்தால் பிழையில்லாமல் எழுதிவிடும். ரூட் எலிமென்ட் 'காசோலை' ஆகிவிடும். திரும்பப் படிக்கும்போது 'கட்டணம்' டைப்புக்கான சீரியலைசரைக் கொடுத்தால், 'காசோலை' எலிமென்ட்டை எதிர்பார்க்கவில்லை என்று மறுத்துவிடும். எழுதும்போதும் படிக்கும்போதும் பேஸ் டைப்பையே கொடுங்கள். இங்கே எக்ஸ்எம்எல்இன்க்ளூட்டோ, கன்ஸ்ட்ரக்டருக்குத் தரும் கூடுதல் டைப்களோ இருந்தே ஆக வேண்டும்.

சைல்ட் கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். காசோலை எண்ணை வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை நீங்கள் எழுதிய கணமே, தானாகக் கிடைத்த வெற்று கன்ஸ்ட்ரக்டர் போய்விடும். லிஸ்டை இன்டர்ஃபேஸ் டைப்பாக மாற்றலாமே என்று தோன்றினால் வேண்டாம், இந்த சீரியலைசர் இன்டர்ஃபேஸை ஏற்காது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்றால் தடையில்லை.

எக்ஸ்எம்எல்இன்க்ளூட் வழியில் போனால், சைல்ட் கிளாஸ்களுக்கு எக்ஸ்எம்எல்டைப் அட்ரிபியூட்டில் பெயரை இப்போதே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து யாராவது கிளாஸின் பெயரை மாற்றும்போது, அதுவரை சேமித்தவற்றில் அந்த வகைக் கட்டணம் உள்ள பில்கள் திறக்காது.