ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் எல்லாம் ஒரே மாதிரிதானே, எத்தனை பார்த்தால் போதும்?

கேள்வியிலேயே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். அநேகமாக உங்கள் கையில் இருப்பது ஒரு நாளைக்கு மூன்று ஊர், ஊருக்கு நாற்பது நிமிடம் என்று பஸ் நிற்கும் டூர் திட்டமாக இருக்கும். அந்த வேகத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு நாளைக்கு ஒரு தேவாலயம் போதும். ஆனால் அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.

போனவுடன் உள்ளே நுழையாதீர்கள். வெளியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். இடைக்காலத் தேவாலயங்களில் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே, முகப்பு மேற்கே. அதனால் முகப்புச் சிற்பங்களில் வெயில் விழுவது பிற்பகலில்தான். காலையில் எடுத்த படம் இருண்டு கிடக்கும். (விதிவிலக்குகள் உண்டு, பட்டியலோடு யாரும் வர வேண்டாம்.)

சுற்றும்போது ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடுங்கள். கல்லின் நிறம் மாறும், ஜன்னலின் வடிவம் மாறும். அரைவட்ட வளைவு என்றால் பெரும்பாலும் ரோமனெஸ்க் என்ற பழைய கட்டடப் பாணி, கூர்வளைவு என்றால் அதற்குப் பின் வந்த கோதிக் பாணி. பிரான்ஸின் ஷார்த்ர் பேராலயத்தில் 1194 தீ விபத்துக்குத் தப்பியது மேற்கு முகப்பு. அதன் பின்னால் இருப்பதில் பெரும்பகுதி தீக்குப் பிறகு கட்டியது. இரண்டு கோபுரங்களும் ஜோடி சேராது. தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டின் வெற்றுக் கூம்பு. வடக்கே இருந்த மரக்கூம்பை 1506இல் இடி எரித்துவிட, அதன் இடத்தில் சரிகை வேலைபோல் செதுக்கிய கற்கூம்பு வந்தது. பாரிஸ் நோத்ர் தாமின் மாடத்தில் எல்லோரும் படமெடுக்கும் கோர உருவங்களோ 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பில் சேர்த்தவை.

ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் சொல்வது பிரான்ஸின் போவே பேராலயம். உள்ளே கூரை சுமார் 48 மீட்டர் உயரம். 1284இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுபடி கட்டியவர்கள் பழைய தூண்களுக்கு நடுநடுவே புதிய தூண்களைச் செருகினார்கள். அகலமான வளைவு நின்ற இடத்தில் இரண்டு ஒடுங்கிய வளைவுகள் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகும் ஆசை விடவில்லை. நடுவில் எழுப்பிய கோபுரம் 1573இல் விழுந்தது. மக்கள் கூடும் நீள்கூடம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் இதே தலைவலிக்கு வேறு வைத்தியம்: கோபுரம் கனம் தாங்காமல் விரிசல் விட, 1338க்குப் பிறகு அடியில் தலைகீழ் வளைவொன்றைச் சேர்த்துக் கத்தரிக்கோல் வடிவில் முட்டுக் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் பார்த்தவர் ஒரே மாதிரி என்று சொல்ல மாட்டார்.

வண்ணக் கண்ணாடிக்கு நல்ல வெயில் வேண்டும் என்பது பாதி உண்மை. வெயில் அடிக்கும் பக்கம் ஜொலிக்கும். உள்ளே வெளிச்சம் நிறைந்து எதிர்ப்பக்கம் மங்கிவிடும். மூட்டமான நாளில் எல்லாப் பக்கமும் சீராகத் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறிய பைனாகுலர் ஒன்று இருக்கட்டும். மேல் ஜன்னலின் முகங்கள் வெறுங்கண்ணுக்கு எட்டாது, போன் கேமரா ஜூமும் கைகொடுக்காது.

ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். இத்தாலியில் சிறிய தேவாலயங்கள் மதியம் பூட்டியிருக்கும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஓவியத்துக்கு விளக்கெரிய நாணயம் போடும் பெட்டி இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் பேராலயங்களிலும் மாலை ஐந்தரை வாக்கில் நடக்கும் பாட்டு வழிபாட்டுக்குக் காசில்லை. உட்கார்ந்து கேட்கலாம், எழுந்து சுற்றக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், பல பழைய நகரங்களின் நடுப்பகுதி ‘இசட்.டி.எல்’, அதாவது அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி. சிவப்பு வட்டப் பலகை, மேலே கேமரா, அவ்வளவுதான்; தடுக்க ஆள் நிற்காது. அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். அதற்கு முன்பே, உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்த ‘சேவை’க்கென்று கார் கம்பெனி தனியாக உங்கள் கார்டில் கை வைத்திருக்கும். காட்டிக்கொடுக்கக் கூலி நம்மிடமே! மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். சியனாவில் மேட்டின் மேல் ஏற நகரும் படிக்கட்டே வைத்திருக்கிறார்கள்.