எட்டு டம்ளர் கணக்கு: தண்ணீர் பற்றிச் சில கேள்விகள்

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டுமா?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. இந்தக் கணக்குக்கு மூலம் என்று பலரும் காட்டுவது, 1945-ல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் நீர் என்று சொன்னதைத்தான். அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் கூடவே எழுதியிருந்தார்கள், ஆனால் அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொன்ன அளவு பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அதுவும் சாப்பாடு, பானங்கள் எல்லாம் சேர்த்து, மிதமான வெயிலில் மிதமாக வேலை செய்பவர்களுக்கு. வெயிலில் நின்று உழைப்பவருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்?

டீ, காபியும் இந்தக் கணக்கில் சேருமா?

சேரும். கஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும்தான், ஆனால் குடித்ததை எல்லாம் வெளியே தள்ளிவிடாது. சர்க்கரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உடம்பு சுத்தமாகட்டும் என்று காலையில் எழுந்ததும் இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் குடிக்கிறேன். நல்லதுதானே?

முதலில் அதை நிறுத்துங்கள். சிறுநீரகம் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும், அதைக் கழுவிவிட வேண்டியதில்லை. மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் அதால் வெளியேற்ற முடியாது. அதைத் தாண்டிக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை செல்கள் வீங்கும், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகலாம். மாரத்தான் ஓடுபவர்களில் சிலர் இப்படி வழியெல்லாம் தண்ணீர் குடித்தே உயிரை விட்டிருக்கிறார்கள். ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் தேவை, அதையும் நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு 74 வயது. தாகமே இல்லை என்கிறார், விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், உடம்பு வறண்ட பிறகும் தண்ணீர் கேட்கத் தோன்றாது. இரவில் எழுந்து போக வேண்டுமே என்று வேண்டுமென்றே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு, அதை வெளியே சொல்லமாட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர், மாத்திரையோடு ஒரு டம்ளர் என்று பகலிலேயே கொடுத்துவிடுங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான், நான் சொன்னது இல்லை.

சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகிறது, தண்ணீர் போதவில்லையா?

வைட்டமின் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா? அதிலுள்ள ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) அந்த நிறம் தரும், பயமில்லை. மற்றபடி வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்மஞ்சளானால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

நான்கு மாதக் குழந்தைக்கு வெயில் நாளில் தண்ணீர் தரலாமா?

வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலோ குழந்தைக்கான பவுடர் பாலோ மட்டும் போதும், வெயிலானால் இன்னும் அடிக்கடி கொடுங்கள்.